சேவியர்ராஜின் மூன்று அங்குலம்

சுரங்க டவுன்ஷிப்பின் பதினாறாம் பிளாக் கூடைப்பந்து அணி சீசன் தொடங்கி வரிசையாக நான்கு ஆட்டம் ஜெயித்தது. பிளாக்கே கூத்தாடியது. சேவியர்ராஜுக்கு மட்டும் சந்தேகம் வந்துவிட்டது.

பத்தொன்பது வருஷமாக அந்த அணி தோற்பதைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபிட்டர். ஆட்ட நாளில் செகண்ட் ஷிஃப்ட் விழுந்தால், யார் கையையாவது காலையாவது பிடித்து மாற்றிக்கொண்டு வந்து, தோல்வியை நேரில் வாங்கிப் போவார். அப்படிப்பட்டவருக்கு வெற்றியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஓடாத மெஷின் திடீரென்று ஓடினால், எதனால் ஓடுகிறது என்று பார்க்க வேண்டாமா?

“ஜெயிச்சா கைதட்டுவாங்க. நீங்க என்னமோ திருட்டுப்போன வூட்டுக்கு வந்த போலீஸ் மாதிரி விசாரிச்சிகினு இருக்கீங்க,” என்றாள் மனைவி டெய்சி.

“அதே பசங்க, அதே ஷூ. பின்ன எப்புடி டெய்சி?”

எதிரணிகள் எறிந்த பந்தெல்லாம் வளையத்தைத் தாண்டிப் பலகையில் மோதியது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஐந்தாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் டேப்போடு போய் அளந்தார். பத்தடியில் இருக்க வேண்டிய வளையம் ஒன்பதே முக்கால் அடியில் இருந்தது. எதிர்ப்பக்கமும் அப்படியே.

மாட்டியது யார்? அவரேதான். மே மாதம் ஓசியில் மாட்டிக் கொடுத்தார். அன்றைக்குச் சரியாகப் பத்தடி. அதற்கப்புறம்தான் தரைக்கு மூன்றங்குல கான்கிரீட் போட்டார்கள். வளையம் அசையவில்லை, பூமி மேலே வந்துவிட்டது. நம் பையன்கள் தினமும் அதில் பழகியவர்கள், வந்தவர்கள் பத்தடிக்குப் பழகியவர்கள். நான்கு ஆட்டமும் இங்கேதான்.

அப்படியானால் ஜெயித்தது பையன்களா, தான் மாட்டிய வளையமா? வெட்கமாகவும் இருந்தது, லேசாகப் பெருமையாகவும் இருந்தது. நாளை வருவது போன வருஷச் சாம்பியன். வாயை மூடிக்கொண்டால் ஐந்தாவதும் கிடைக்கலாம். ஆனால் விடை கிடைக்காது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஏணியும் ஸ்பானரும் கொண்டுவந்தார். இரண்டு வளையமும் மூன்றங்குலம் ஏறின. யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாதியில் நம் பையன்கள் எறிந்ததெல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தது. பதினான்குக்கு இருபத்தேழு. இடைவேளையில் சேவியர்ராஜ், கேப்டன் அருண்ராஜின் முன்னால் போய் நின்றார்.

“தம்பி, ரிங்க தூக்கிட்டேன்பா. மூணு இஞ்ச்.”

“எப்ப அங்கிள்?”

“நேத்து. கான்கிரீட் போட்டதுல ஒசரம் கொறஞ்சுபோச்சு. இப்பதான் சரியா இருக்கு.”

அருண்ராஜ் வளையத்தைப் பார்த்தான். பிறகு அவரை, கொஞ்ச நேரம் அதிகமாகவே, பார்த்தான்.

“சொல்லிட்டுச் செய்யக் கூடாதா அங்கிள்? நான் என் கைலதான் ஏதோ கோளாறுன்னு இல்ல நெனச்சிகினு இருக்கேன்,” என்றவன் திரும்பிக் கத்தினான்: “டேய், கொஞ்சம் மேல போடுங்கடா!”

அவ்வளவுதான். மேலே போட்டார்கள். நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தாறு, ஐந்தாவது வெற்றி.

சேவியர்ராஜ் தொண்டை கட்டும் வரை கத்தினார். கத்தி முடித்ததும் முகம் சுருங்கியது. நான்கு வெற்றிக்குச் சொந்தக்காரராக ஒரே ஒரு நாள் இருந்தார். அதுவும் கையைவிட்டுப் போயிற்று. பையன்கள் எப்படித்தான் ஜெயிக்கிறார்கள்?

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் மறுபடி டேப்போடு மைதானத்தில் நின்றார். கோடுகளை அளந்தார். எல்லாம் சரி. பயிற்சிக்கு வந்த அருண்ராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“இன்னும் என்ன அங்கிள்?”

“கொஞ்சம் நேரா நில்லு,” என்று டேப்பை இழுத்தார் சேவியர்ராஜ். “நீ வளந்திருக்கியான்னு பாக்கறேன்.”