பாலிகஞ்சிலிருந்து யூட்டாவுக்குச் சாப்பாடு

அப்பாவும் அத்தையும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் அந்த ஜூலை மாதத்தில் பதினோரு நாள், அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துப் பாலைவனங்களில் அத்தை எங்கே சாப்பிட வேண்டும் என்பதைக் கல்கத்தாவில், பாலிகஞ்ச் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு அப்பாதான் முடிவு செய்தார். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான். அப்போது ஆறாம் வகுப்பு.

பேச்சு நின்றது அத்தை பிள்ளையின் கல்யாணத்தில். மாலை மாற்றும்போது மாப்பிள்ளையைத் தோளில் தூக்க வேண்டியவர் தாய்மாமன். அதாவது அப்பா. அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு கப்பல் கிளம்பாமல் அடம்பிடித்தது. அதைக் கிளப்பிவிட்டு, விமானம் பிடித்து, சென்னையில் மண்டபத்துக்குள் அப்பா நுழைந்தபோது பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையை யாரோ ஒன்றுவிட்ட சித்தப்பா தூக்கி இறக்கியாகிவிட்டது. அத்தை அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "கப்பல் சௌக்கியமா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். அதோடு சரி.

பிறகு அத்தையும் அத்திம்பேரும் பிள்ளையைப் பார்க்கக் கலிஃபோர்னியா போனார்கள். அத்தான் லீவு போட்டு, எல்லாரையும் காரில் ஏற்றி, நெவாடா, யூட்டா, அரிசோனா என்று சுற்றிக் காட்டக் கிளம்பினான். முதல் நாளே அத்திம்பேர் அம்மாவின் மொபைலுக்குக் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன்.

"நாலு மணி நேரமா ஒரே பொட்டல். நடுவுல ஒரு கடை. அதுலயும் முட்டை, மாமிசம், இல்லேன்னா சீஸ். உங்க அத்தை பச்சைத் தண்ணி குடிச்சுண்டு உக்காந்திருக்கா. உங்கப்பாவுக்குக் கம்ப்யூட்டர்ல தேடத் தெரியுமோல்லியோ, ஏதானும் எடம் பாத்துச் சொல்லச் சொல்லேன்."

அத்தைக்குச் சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் தலை சுற்றும். முந்தின வருஷம் கோயில் வரிசையில் நின்றிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்து, நெற்றியில் நாலு தையல். இது அப்பாவுக்கும் தெரியும். ஆபீஸ் லாப்டாப்பைத் திறந்து என் பக்கம் தள்ளினார். இரண்டு விரலால் அவர் தட்டச்சு செய்தால் அத்தை அடுத்த மாநிலத்துக்கே போய்விடுவாள்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு போன் வரும். எங்களுக்குக் காலை ஆறரை என்றால் அவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம். எனக்கு இட்லி, அவர்களுக்கு இராச் சாப்பாடு. ஏழு இருபதுக்குக் கீழே ஸ்கூல் பஸ் வந்துவிடும்.

ஹோட்டல் பொறுக்குவதற்கு அப்பா ஒரு முறை வைத்திருந்தார். இணையத்தில் புகழ்ந்து எழுதுகிறவனை அவர் நம்ப மாட்டார். சாப்பிட்டுவிட்டுத் திட்டி எழுதுகிறார்கள் பாருங்கள், ஒற்றை நட்சத்திரக்காரர்கள், அவர்களை மட்டும் படிக்கச் சொல்வார். "ஒரு காரமும் இல்லை" என்று ஒருவன் அழுதிருந்தால், "அக்காவுக்கு அல்சர். நல்லது" என்பார். "கொஞ்சூண்டு வைக்கிறான்" என்றால், "சர்க்கரைக்கு உத்தமம்." "பரிமாறுகிறவர் முகத்தில் சிரிப்பே இல்லை" என்றால், "சிரிப்பையா சாப்பிடப் போறா? குறிச்சுக்கோ." இப்படி முப்பது நாற்பது வசவைப் படித்துக்காட்டிய பிறகு ஒரு இடம் தேறும். அதற்குள் என் இட்லி விறைத்துவிடும்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பேச்சுவார்த்தைதான் தாங்க முடியாது. போன் மேஜை நடுவில் ஸ்பீக்கரில் இருக்கும். அத்தை பேசுவது அப்பாவுக்குக் கேட்கும், அப்பா பேசுவது அத்தைக்குக் கேட்கும். ஆனால் இரண்டு பேரும் என்னிடம்தான் பேசுவார்கள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, நேத்திக்கு சொன்ன மெக்ஸிகன் கடையில பீன்ஸ்ல பன்னிக் கொழுப்பு போடறானாம்."

"உங்க அத்தைகிட்ட சொல்லு, கொழுப்பு இல்லாம தனியா வச்சிருப்பான், கேட்டு வாங்கணும்னு நேத்திக்கே படிச்சுப் படிச்சு சொன்னேன்."

"கேட்டு வாங்கத் தெரியாதவளா நான்னு கேளு."

கேட்டதுதானே என்று நான் சும்மா இருந்தால் வேலை நடக்காது. நான் என் வாயால் திருப்பிச் சொல்கிறவரை இரண்டு பக்கமும் பதில் வராது. போனில் அமெரிக்கக் காற்று மட்டும் இரையும். அத்திம்பேர் தொண்டையைக் கனைப்பார். வேறு வழியில்லாமல், "அப்பா, கேட்டு வாங்கத் தெரியாதவளான்னு அத்தை கேக்கறா" என்பேன். பெரியவர்கள் இரண்டு பேரும் அப்போதுதான் அதைக் கேட்டதுபோல் கோபப்படுவார்கள்.

"அமெரிக்காவுக்கெல்லாம் படியளக்கறேள். வீட்டுல இருக்கற குழந்தை பட்டினியா ஸ்கூலுக்குப் போறது" என்று அம்மா டிபன் டப்பாவை ணங்கென்று வைப்பாள். கீழே பஸ் ஓட்டுகிற வங்காளி மாமா, நாங்கள் கூப்பிடுவது காக்கு, ஹார்னை அமுக்கிக்கொண்டு "தாராதாரி, தாராதாரி!" என்று அவசரப்படுத்துவார். முதல் ஒன்பது நாளில் இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டேன். இரண்டு முறையும் ஸ்கூல் வராந்தாவில் நிற்க வைத்தார்கள். லேட்டானதற்குக் காரணம் எழுதித் தரச் சொன்னபோது, நெவாடாவில் சைவ ஹோட்டல் என்று எழுதினேன். அதற்குத் தனியாகத் திட்டு.

இவ்வளவு பாடுபட்டும் அத்தைக்கு ஒரு இடமாவது பிடித்ததா? கிடையாது. பெட்ரோல் பங்கில் லாரிக்காரர்களுக்காக ஒரு பஞ்சாபி நடத்தும் டாபாவைக் கண்டுபிடித்தபோது அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பாலைவனத்தில் சுடச்சுட ரொட்டி, தால்! மறுநாள் அத்தை, "தால்ல நெய் மிதக்கறது. என்னைக் கொல்றதுக்குன்னே பாத்து அனுப்பினாரான்னு கேளு" என்றாள். தாய்லாந்துக் கடையில் மீன் வாசனை. பீட்சா கடையில் உட்கார இடமில்லை. அப்பாவின் முகம் நாளுக்கு நாள் சுண்டிப்போனது. ஆபீஸ் விட்டு வரும்போதே அரிசோனா மேப்பை அச்செடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்.

அந்தப் புதன்கிழமை நல்ல மழை. போன் வந்தது. முந்தின நாள் அப்பா சிரமப்பட்டுத் தேடி, யூட்டாவில் ஒரு சின்ன ஊரில் தோசை கிடைக்கும் இடத்தையே பிடித்துக் கொடுத்திருந்தார். இதிலாவது நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று சவரம்கூடச் செய்யாமல் காத்திருந்தார்.

"உங்கப்பாகிட்ட சொல்லு," என்று அத்தை ஆரம்பித்தாள். "தோசைன்னு ஒண்ணு குடுத்தான். வரட்டி மாதிரி இருந்தது. சாம்பார்ல சர்க்கரை. எதுலயும் சர்க்கரை போடற உங்க கல்கத்தாக்காரனே தேவலை."

அப்பாவுக்கு நிஜமாகவே வலித்துவிட்டது. "அந்தப் பக்கத்தைத் திற. சாம்பார் தித்திப்புன்னு எவனாவது எழுதியிருக்கானா பாரு" என்றார். திறந்தேன். சாம்பாரைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே, முந்தின நாள் அவசரத்தில் நாங்கள் இரண்டு பேருமே பார்க்காத ஒரு வரி இருந்தது. திங்கட்கிழமை விடுமுறை.

விரல் விட்டு எண்ணினேன். இங்கே புதன். அங்கே இன்னும் செவ்வாய். அவர்களுக்கு நேற்று என்றால் திங்கள். பூட்டியிருந்த ஹோட்டலில் அத்தைக்குத் தோசை வார்த்துப் போட்டது யார்? பத்து நாளாகத் தூது போய்த் தேய்ந்த எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"அத்தை! நேத்திக்கு திங்கக்கிழமை, அந்த ஹோட்டல்..."

என் தோளுக்குப் பின்னாலிருந்து அப்பாவும் அந்த வரியைப் படித்திருக்கிறார். லாப்டாப்பை டப்பென்று மூடினார். போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அக்கா," என்றார்.

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். அந்தப் பக்கம் அத்திம்பேர்கூடக் கனைக்கவில்லை.

"அக்கா, அந்த எடத்தை நான் சரியாப் பாக்கலை. என் தப்புதான். நாளைக்கு நல்லதாப் பாத்துச் சொல்றேன்."

லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். பிறகு அத்தையின் குரல், மூக்கடைத்த மாதிரி வந்தது.

"தோசை அவ்வளவு மோசமில்லைடா. நான்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. திறக்காத கடையின் தோசைக்கு இப்போது பாராட்டு வேறு!

அத்தான் பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னான். முதல் நாள் பட்டினி மட்டும்தான் நிஜம். மறுநாளே ஒரு ரைஸ் குக்கர் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டார்களாம். தினமும் சாயங்காலம் மோட்டலில் அத்தை சாதம் வடித்து, மோர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் எங்களுக்கு போன் போடச் சொல்வாளாம். அப்பா கண்டுபிடித்த ஒரு கடை வாசலைக்கூட அவள் மிதிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமையும் பஸ் போய்விட்டது. அப்பா என்னை டாக்ஸியில் கொண்டுபோய் விட்டார். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், வண்டி ஊர்ந்தது. "அத்தை பொய் சொன்னா. அந்தக் கடை மூடியிருந்தது" என்றேன்.

"ம்," என்றார் அப்பா.

"அவ அங்க போகவே இல்லை. எங்கயுமே போயிருக்க மாட்டா."

"இருக்கும்," என்றார். சட்டைப் பையிலிருந்து அரிசோனா மேப்பை எடுத்து மடியில் விரித்து, அடுத்த ஊர் எத்தனை மைல் என்று விரலால் அளக்க ஆரம்பித்தார். பொய் சொன்னது அத்தை, வாயடைத்தது எனக்கு, தப்பு ஒத்துக்கொண்டது இவர். இது என்ன நியாயம்? சாப்பிடவே போகாதவளுக்கு இந்த மனுஷர் இன்னும் எதற்கு ஹோட்டல் தேடுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கூல் வாசல் வரை அவரோடு பேசாமலே போனேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.