பஞ்சு வைக்காத பெட்டிகள்

“எங்க பெட்டியில ஒரு எலிகூடச் செத்ததில்ல” என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லும்போதெல்லாம் நானும் நிமிர்ந்து உட்காருவேன்.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவள் வங்கியில் இருந்தவள். செகந்திராபாத்துக்கு வடக்கே ஒரு நெல்வயலில் சுண்டெலிகள் எத்தனை என்று ஆராயும் பெண்ணுக்கு இருவரும் உதவுகிறோம். மாலையில் தகரப் பெட்டிகளில் வேர்க்கடலை போட்டு வரப்போரம் வைப்போம். விடிந்ததும் சிக்கியதை எடை பார்த்து, முதுகில் கொஞ்சம் முடி கத்தரித்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். மறுபடி சிக்குபவற்றில் முடி கத்தரித்தவை எவ்வளவு என்பதை வைத்து மொத்தக் கணக்கு வரும்.

“கைக்கு பகட்னா, கைக்கு சோட்னா சாப்?” பிடிப்பானேன், விடுவானேன் என்று வயல்காரம்மா உருதுவில் கேட்டார்.

எண்ணத்தான் என்றாள் மனைவி.

“அப்படியே அதுங்க தின்ன நெல்லையும் எண்ணிச் சொல்லுங்க” என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார் அவர்.

குளிர்காலத்தில் எலி விறைக்காமலிருக்கப் பெட்டிக்கு ஒரு பிடி பஞ்சு வைக்க வேண்டும். அது என் வேலை. எலி அதைக் கடித்துத் துருவி, நார் கதவடியில் சிக்கிக்கொள்ளும்; சுத்தம் செய்வது தொல்லை. ஒரு மாலை, இந்த ஊர்க் குளிர் என்ன பெரிய குளிர் என்று கடைசி வரிசைக்கு வைக்காமல் விட்டேன்.

காலையில் பனிமூட்டம். அந்த வரிசையில் மூன்று எலிகள், மூன்றும் விறைத்துக் கிடந்தன. மனைவி இரண்டை முந்தானையில் பொதிந்து மூச்சுக்காற்றால் சூடேற்றினாள்.

“ஏ, எழுந்திருங்கடி. பேங்க் திறந்தாச்சு.”

இரண்டும் அசைந்தன. என் கையிலிருந்தது அசையவில்லை. பால் கட்டிய தாய் எலி. நான் திரும்பி நின்று அதை மண்கட்டிக்கு அடியில் செருகினேன்.

“என்னங்க, உங்களுது?”

“ஓடிடுச்சு” என்றேன்.

பிறகு நாச்சாரத்தில் ஒரு புதுமனை புகுவிழா. “இவரு கையிலயே உயிர் வந்து ஓடிச்சு ஒண்ணு” என்று அவள் பெருமையாகச் சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் சொல்லிவிட்டேன், பஞ்சு வைக்காததையும் சேர்த்து.

“நான் ஊரெல்லாம் சொல்லிட்டேனே” என்றாள். கொஞ்ச தூரம் போனபின், “குட்டி போட்டிருந்ததா?”

“பால் கட்டியிருந்தது.”

ஆட்டோ தார்நாகாவைத் தாண்டியது. அவள், “நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க. அவ கணக்கு தப்பாப் போகும்” என்றாள்.

சொன்னேன். அந்தப் பெண் கணக்கைத் திருத்திக்கொண்டாள்.

அன்று மாலை நான் பஞ்சு வைத்துக்கொண்டே போக, மனைவி பின்னால் வந்து ஒவ்வொரு பெட்டியிலும் விரல் விட்டுப் பார்த்தாள். இன்றும் பார்க்கிறாள்.

இப்போது சொந்தக்காரர்களிடம், “ஒண்ணு செத்துப்போச்சு, இவராலதான்” என்றுதான் தொடங்குகிறாள். “அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல” என்று அவள் முடிக்கும்வரை காத்திருந்து, நான் நிமிர்ந்து உட்காருகிறேன்.