அரை வாட் போதும்

மூன்று ஆண்டு ஊர் சுற்றிவிட்டு வந்த என்னிடம் எல்லோரும் எங்கெல்லாம் போனாய் என்று கேட்டார்கள். சித்தி மட்டும், "மொத்தம் பதினோரு கிலோ. தூக்கிட்டு மலை ஏறுவியா?" என்றாள்.

சித்திக்குக் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை. கிறுக்கு என்னவோ, உரிமம் வாங்கிப் பொழுதுபோக்குக்காக ஒயர்லெஸ்ஸில் பேசும் அமெச்சூர் ரேடியோ மேல்தான். உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறியவள். சாப்பாட்டு மேசையை ஒயர்கள் பிடித்துக்கொண்டதால் சித்தப்பா தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகியிருந்தார். இப்போது அவள் செய்திருந்தது ரிப்பீட்டர். மலைக்கு ஒரு பக்கம் பேசுவதைக் கேட்டு, அதே நொடியில் வேறொரு அலைவரிசையில் மறுபக்கத்துக்குச் சொல்லும் பெட்டி. ஸ்கூட்டர் பேட்டரியிலேயே ஓடும்.

நாங்கள் மலை ஏறிய அன்று அதைச் சுற்றி சைக்கிள் பந்தயம். பின்பக்கம் போன் எடுக்காது. அங்கே யாராவது விழுந்தால் கீழே தெரிய வேண்டும். "நான் பாத்துக்கறேன்" என்று சித்தி வாக்குக் கொடுத்துவிட்டாள். ஒன்பது மணிக்குள் ரேடியோ பேசாவிட்டால் பின்பக்கப் பாதையைப் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்.

எட்டேகாலுக்கு உச்சியில் கம்பத்தை நட்டோம். பின்பக்கம் கை ரேடியோவோடு நின்ற சித்தப்பா பேசினார். "நான்... இன்னும்... இல்ல... எப்ப..."

"அவருக்கு விக்கலா?" என்றார் கூட வந்த பல் டாக்டர். ரேடியோ சங்கத்துக்கு அவர்தான் தலைவர். "பவர் பத்தலம்மா. ரெண்டு வாட்டை அஞ்சாக்கு."

ஆக்கினாள். சித்தப்பா அடியோடு காணாமல் போனார்.

"வீட்டு மாடியில சோதிச்சப்ப நல்லாத்தானே பேசிச்சு!" என்றேன்.

"அங்க அவர் சமையல்கட்டுலேர்ந்து கத்தினார். செவிட்டுப் பெட்டிக்குக்கூடக் கேட்டிருக்கும்" என்றாள் சித்தி.

மணி எட்டேமுக்கால். சித்தி பாறையில் உட்கார்ந்து பெட்டியையே முறைத்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள். "கடைக்கு வர்ற அத்தனை பேரும் சத்தத்த கூட்டுன்னுதான் சொல்வாங்க. கூட்டினா கருவிக்குத் தன் சத்தமே காதை அடைக்கும். இதுவும் அதேதான்! வாயத் திறந்தா இதுக்குக் காது போயிடுது." குமிழைத் திருகி அரை வாட்டுக்கு இறக்கினாள்.

"அரை வாட்டா? ஒரு பல்புகூட எரியாதும்மா!"

"பல்பு எரிக்கவா டாக்டர் மலை ஏறினோம்?"

பெட்டி கரகரத்தது. பிறகு சித்தப்பா, பக்கத்தில் நிற்பவர்போல: "...நான் இன்னும் ஒரு வாய்கூட சாப்பிடல, இவ எப்ப விடுவான்னும் தெரியல, இந்த மனுஷிய கட்டிக்கிட்டு—"

கீழே பந்தய மேடையிலிருந்து ஒரு குரல் குறுக்கிட்டது. "தெளிவா கேக்குது சார். மேல சொல்லுங்க."

சித்தி மைக்கை வாங்கினாள். "கேக்குதுங்க. எல்லாருக்குமே கேக்குது."

கீழே விசில் ஊதினார்கள். நூற்றிருபது சைக்கிள்கள் முழு வட்டத்துக்கும் கிளம்பின. சித்தி பாறைமேல் ஏறிக் குதித்த குதியில் கம்பம் ஆட, பல் டாக்டர் ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.