கல்யாண ஆல்பத்தில் இல்லாத இடைவெளி

பல் டாக்டருக்குப் படித்த எனக்கு, இறந்தவர்களின் பல்லைப் பார்ப்பதே தொழிலாகிவிட்டது. அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் போலீஸ் கூப்பிடும். "உன் பேஷண்ட் ஒருத்தரும் வலிக்குதுன்னு கத்த மாட்டாங்க" என்பார் என் கணவர். நடுவில், போர் ஓய்ந்த ஒரு நாட்டுக்குப் போய், புதைகுழிகளில் கலந்து கிடந்த எலும்புகளுக்குப் பெயர் தேடினேன். எலும்பைத் தொடும் முன் வீட்டாரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அங்கே முதல் விதி. எப்படி நடப்பார், எப்படிச் சிரிப்பார், எல்லாம் கேட்போம்.

ஊர் திரும்பியதும் அந்த விதியை விட்டுவிட்டேன். நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். திமிர் என்பதுதான் சரி.

சேலையூர் பக்கம் ஓர் ஏரியைத் தூர்வாரியபோது எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. மண்டையின் பின்பக்கம் அடித்து உடைக்கப்பட்டிருந்தது. கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த பெண்ணின் கணவர் காணாமல் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய கூட்டாளி மேல் போலீசுக்குச் சந்தேகம். சேற்றில் ஊறிய எலும்பில் டி.என்.ஏ. கிடைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கும் படம். பல் தெரிந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்? மண்டையோட்டின் படத்தை அதன்மேல் பொருத்திப் பார்த்தேன். ஓரளவு ஒத்துப்போனது. ஆனால் மண்டையோட்டில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு நெல் நுழையும் இடைவெளி. படத்தில் வரிசை பிசகாத பல். இவர் அவரல்ல என்று எழுதினேன்.

ஏரியில் கிடைத்தது உங்கள் கணவர் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் நானே நேரில் சொன்னேன். பல்லைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வயித்துல பால வாத்தீங்க மேடம்" என்றார். கூட்டாளியை விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் கும்பிடுவார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

இரண்டு வருடம் கழித்து, தாம்பரம் ஸ்டேஷனில் மகளோடு நின்றிருந்தார். "அப்பா உயிரோட இருக்கார்னு சொன்னது இந்த மேடம்தான்" என்றார் மகளிடம். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஒன்பதாவது படிக்கும் பெண், என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பற்களுக்கு நடுவே அதே இடைவெளி.

"இது யார் சாயல்?" என்றேன்.

"அப்படியே அவங்க அப்பா, மேடம்."

"கல்யாண போட்டோல பல்லு நடுவுல இடைவெளி இல்லையே?"

"சொந்தக்காரங்க கிண்டல் பண்ணுவாங்கன்னு ஸ்டூடியோல சொல்லி நான்தான் டச்-அப் பண்ண வெச்சேன்."

டச்-அப் செய்யாத படம் ஒன்று கேட்டேன். "மறுபடியும் தேடப் போறீங்களா மேடம்?" என்று ஆசையாகக் கேட்டு, அங்கேயே போனில் அனுப்பினார்.

மண்டையோட்டின் படத்தோடு அது பொருந்தியது. "யானைக்கும் அடி சறுக்கும் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு எரிச்சலாக வந்தது. சறுக்கியது நான், இரண்டு வருடம் குங்குமம் வைத்துக் காத்திருந்தது அந்தப் பெண்.

அவர் லீவில் இருந்த ஒரு நாள், மகள் பள்ளிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, சிட்லபாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் அழவில்லை.

"போலீஸ் போட்டோ வாங்க வந்தப்ப நான் வீட்லதான் மேடம் இருந்தேன்" என்றார். "ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."