ஒரு நிறத்தோடு எழும்பக்கூடாது

இரண்டு நிற நூலில் பின்னுகிறவள் ஒரு நிறத்தை மட்டும் முடித்துவிட்டு எழும்பக்கூடாது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவ, துறைமுகத்து ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கிற ஒரு வெள்ளைக்காரத் தாதி, எங்கள் வாயில் மிஸி. திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த வருசம், மாசி மாதம். அப்போது நான் கன்னியர் மடத்துக் கூடத்தில் மற்றப் பெண்களோடு இருந்து கப்பற்காரருக்குக் கம்பளித் தொப்பியும் காலுக்கு மேசும் பின்னிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வெயிலில் கம்பளி பின்னுவதைப் போலப் பொறுமையைச் சோதிக்கிற தொழில் வேறில்லை. ஊசி பிடித்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நூல் விரலில் ஒட்டும், வியர்வை மூக்கு நுனியில் வந்து நிற்கும், துடைக்கக் கை இராது.

ஓம் என்று சொன்ன வாய்

என் இரண்டாவது மகள் ஸ்டெல்லா அந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை. ஒருநாள் மிஸியைக் கூடத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். மிஸியின் வலக்கையில் கட்டு. கொதிதண்ணீர் ஊற்றுண்டு இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது. இடக்கையால் பையிலிருந்து ஒரு பின்னலை எடுத்து மடியில் விரித்தா. ஒரு சாண் நீளம்தான் ஆகியிருந்தது. வெங்காயச் சருகு போல மெல்லிசு. ஒரு பக்கம் கத்தரிப்பூ நிறம், திருப்பினால் சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் நல்ல பக்கம். பிரியோஷ் பின்னலாம்.

அது மிஸியின் தாய்க்கு. பின்னல் பழக்கினதே அந்தத் தாய்தான். மகனைக் கடலில் பறிகொடுத்த மனுசிக்குக் கை வெந்த செய்தியையும் எழுத மிஸிக்கு மனம் வரவில்லை. ஊருக்குக் கப்பலேறப் போகும் தோழியிடம் சால்வையைக் கொடுத்தனுப்ப வேண்டும். நடுவில் வேறொருத்தியின் கை தெரிந்தால், மகளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று தாய் பிடித்துவிடுவா. இதையெல்லாம் தமிழில் சொல்லிவிட்டு, “இந்தப் பின்னல் தெரியுமோ எண்டு மிஸி கேக்கிறா,” என்றாள் ஸ்டெல்லா.

நான் அதைக் கண்ணால் கண்டதே அன்றுதான். ஆனால் மிஸியின் முகத்தைப் பார்த்ததும் வாய் முந்திவிட்டது. “ஓம், தெரியும்.” மிஸி அந்த ஒரு நிறத்து எச்சரிக்கையை மட்டும் சொல்லி, நூலையும் ஊசியையும் தந்துவிட்டு எழும்பினா. வாசலில் ஸ்டெல்லா என் காதுக்குள் சொன்னாள்: “அம்மா, உங்களுக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும்.”

மூன்று மந்திரம்

வேறு வழியில்லை. மிஸி பின்னியதில் பத்து வரியை மெல்ல மெல்ல அவிழ்த்தேன். நூல் எந்த வழியால் வெளியே வருகிறதோ அந்த வழியால்தானே உள்ளே போயிருக்கும்! ஒவ்வொரு கண்ணியின் தோளிலும் இன்னொரு நூல் சுற்று ஏறி இருந்தது. கத்தரிப்பூ நூலால் ஒரு தரம் போய், பின்னலைத் திருப்பாமல் ஊசியின் மற்ற முனைக்குத் தள்ளி, அதே வரியில் சாம்பல் நூலால் இன்னொரு தரம் போய், பிறகுதான் திருப்ப வேண்டும். இதைக் கண்டுபிடிக்க நாலு நாள் பிடித்தது. விளங்கிய நிமிசம் கதிரையை விட்டு எழும்பிச் சிலுவை போட்டேன்.

சனிக்கிழமை கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து என் பொய்யைச் சொன்னேன். சுவாமி சொன்னார்: “மகள், சொன்ன பொய்க்கு மூண்டு ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லு. சால்வையை முடிக்காமல் விட்டால், அதுக்கு என்னட்ட மந்திரம் இல்லை.”

இறுகிய கை

மேசு பின்னிப் பின்னி என் கை இறுகிப்போயிருந்தது. மிஸியின் கை இளக்கம். என் முதல் நாலு வரியும் இடுப்புப் பட்டி கட்டியது போல ஒடுங்கி நின்றது, அவிழ்த்தேன். பயத்தோடு பின்னினால் கை நூலை இழுக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். அதனால் செபமாலையைச் சொல்லத் தொடங்கினேன். வாய் மந்திரத்தில் இருக்க, விரல் தன்பாட்டில் இளகியது. கண்ணிகள் மூச்சு விட்டன.

பக்கத்துக் கதிரையில் தொப்பி பின்னின பாக்கியம் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தா. மூன்றாம் நாள் கேட்டா: “ஞானம், நீ சால்வை பின்னுறியோ, சால்வைக்கு ஞானஸ்நானம் குடுக்கிறியோ?”

சங்கு

குண்டு விமானம் வருகிறதென்று ஆபத்துச் சங்கு முதல்தரம் ஊதியபோது கத்தரிப்பூவை மட்டும் முடித்த கையோடு பதுங்கு குழிக்கு ஓடினேன். திரும்பி வந்து, சாம்பலுக்காகத் தள்ள வேண்டியதைத் திருப்பிவிட்டேன். நாலு வரி தாண்டித்தான் பிழை தெரிந்தது. அவிழ்த்துக் கண்ணி பொறுக்க ஒரு பகல் போனது.

அடுத்த தரம் ஊதியபோது எல்லாரும் ஓட, நான் இருந்தேன். இன்னும் முப்பது கண்ணிதான். குண்டுக்காவல் பார்க்கிற தம்பி வாசலில் நின்று கத்தினான்: “என்னணை அம்மா, யப்பான்காரன் உங்கட வரி முடியுமட்டும் மேல நிண்டு பாத்துக்கொண்டிருப்பானோ?”

முட்டை

கப்பல் எப்போது போகும் என்று மிஸிக்கே தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது. நாள் தெரியாமல் பின்னுகிறவளின் நெஞ்சிடியை யோசித்துப் பாருங்கள். கப்பல்களுக்கு மரக்கறியும் முட்டையும் கொடுக்கிற கிண்ணியா ஊர்க் காதர் நானாவிடம் கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

பங்குனி முடியப் போகும்போது ஒரு காலை சந்தைக்குப் போனால், ஒரு கடையிலும் முட்டை இல்லை. இன்னும் ஒரு சாண் பின்னக் கிடந்தது. நானாவைப் பார்த்தேன். வெறுங்கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, நான் ஒண்டும் சொல்லல்ல. முட்டை இல்லை எண்டு மட்டும்தான் சொல்றன்.”

கடுதாசி

முட்டை முழுக்கக் கப்பலில் ஏறிவிட்டதென்றால் பயணம் கிட்டத்தான், அன்று சமைக்கக் குசினிப் பக்கமே போகவில்லை. மறுநாள் மத்தியானம் கடைசிக் கண்ணியை மூடி, ஸ்டெல்லாவோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். மிஸி யன்னலடியில் சால்வையைப் பிடித்து, தான் விட்ட இடத்தைத் தேடினா. திருப்பிப் போட்டுத் தேடினா. இடக்கை விரலால் வரி வரியாகத் தடவினா. அகப்படவில்லை. என்னைப் பார்த்தா. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அந்த இடம் தெரியவில்லை. அந்தப் பெருமையை அடக்கக் கர்த்தரிடம் உதவி கேட்டேன். அவர் அன்று வேறு வேலையாக இருந்தார் போல. வெள்ளிக்கிழமை விடியக் கப்பல் போனது.

ஆவணியில் தாயின் கடுதாசி வந்தது. மிஸி அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கே வந்தா. கட்டு அவிழ்த்த கை, பேனா பிடிக்கிற அளவுக்குத் தேறியிருந்தது. ஸ்டெல்லா தமிழில் சொல்லச் சொல்ல, எல்லாரும் ஊசியை நிற்பாட்டிக் கேட்டார்கள். தாய் எழுதியிருந்தது இதுதான்: “தொடக்கத்தில உன்ர பழைய அவசரம் தெரியுது. பிறகு கை நல்லா அமைதியாகியிருக்கு. இப்ப ஒழுங்காச் செபம் செய்யிறாய் போல, மகள்.”

ஒரு பொய்யில் தொடங்கி, செபத்தால் பின்னி, இன்னொருத்தி பெயரில் புகழ் வாங்கிக் கொடுத்த சால்வை அது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பின்னிக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் கதைக்கப் போனால், அவ அந்த வரியை முடிக்குமட்டும் கொஞ்சம் பொறுங்கோ.