கொடுத்தனுப்பிய கோடி

என் அறை அலமாரியின் மேல்தட்டில் ஓர் அரக்கு நிறப் பட்டுப்புடவை இருக்கிறது. பச்சைக் கரை. யாரும் கட்டாதது. மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துக் கட்டிலில் விரித்து, மடிப்பை மாற்றி மடித்து வைப்பேன். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த இடத்தில் விட்டுப்போகும் என்று சிங்கப்பூரின் தேக்கா கடைத்தெருவில் புடவைக் கடைக்காரம்மா சொல்லியிருக்கிறார். இந்தப் புடவை திருச்சி வரை போய், யார் மேலும் படாமல் என்னோடு சிங்கப்பூருக்கே திரும்பி வந்துவிட்டது. இதற்கு முன்னால் அதே கடையில் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கினேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது கல்லீரல் வரை போயிருந்தது. மருத்துவர் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அத்தான் எனக்குச் சொன்னார். காலேஜில் படிக்கும் அவர்கள் மகளுக்கும் சொன்னோம். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் இதுதான் வழக்கம். நோயாளியைத் தவிர எல்லோருக்கும் நோய் தெரியும். "அல்சர்தான்க்கா, காரத்தைக் குறைச்சா சரியாயிடும்" என்று ஆறு மாதம் நான் போனில் கூசாமல் சொன்னேன். அவள் ஒவ்வொரு முறையும் "சரிடா" என்பாள். அந்தச் சரிடாவை நான் நம்பினேன். எனக்குப் பொய் சொல்ல நன்றாக வருகிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். விமானம் கிளம்பும் நேரத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எதையும் முன்னதாகவே கட்டி வைத்துவிடுவது என் தொழில் புத்தி. திருச்சி விமானத்துக்குப் போகும் சரக்கு தினமும் என் கண் முன்னால்தான் போகும். நாலு மணி நேரப் பயணம். எங்கள் மேற்பார்வையாளர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழம்மா, விஷயம் தெரிந்த நாளிலிருந்து விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "லீவ் நான் அப்ரூவ் பண்றேன், இப்பவே போய்ப் பாத்துட்டு வாங்க லா. அப்புறம் அப்புறம்னு சொல்லாதீங்க." நான் அப்புறம் என்றுதான் சொன்னேன். இருக்கிற லீவை இப்போதே எடுத்துவிட்டால், கடைசி நேரத்தில் போக முடியாமல் போய்விடுமோ என்பது என் கணக்கு.

கல்யாணமான பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை கொண்டுவந்து அவள் மேல் போர்த்த வேண்டும். கோடி போடுவது என்போம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்காவின் பிறந்த வீடு என்றால் அது நான் ஒருவன்தான். ஊரில் காலையில் உயிர் போனால் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு விமானத்தில் இடம் கிடைக்காவிட்டால்? இப்படி யோசித்து யோசித்துத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனேன். கடைக்காரம்மா புடவைகளை விரித்துப் போட்டபடி, "என்ன விசேஷம் தம்பி?" என்று கேட்டார். "அக்காவுக்குப் பிறந்தநாள்" என்றேன். "குடுத்து வெச்ச அக்கா" என்றார். அக்காவுக்குப் பிடித்த அரக்கைத் தேடி எடுத்தேன்.

என்னோடு வேலை செய்யும் புதுக்கோட்டைக்காரர் அந்த வாரம் லீவில் ஊருக்குப் போனார். இங்கிருந்து யார் போனாலும் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புவது எங்களுக்குப் பழக்கம்தான். அவரிடம் புடவையைக் கொடுத்து, அத்தான் கையில் மட்டும் கொடுக்கச் சொன்னேன். உள்ளே என்ன, எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. அத்தானுக்குப் போன் செய்து, அக்கா கண்ணில் படாமல் பரணில் வைக்கச் சொல்லிவிட்டேன். புதுக்கோட்டைக்காரர் அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். கதவைத் திறந்தது அக்கா. இளைத்துப்போய் நின்ற பெண்ணிடம் மனிதர் சந்தோஷமாகவே சொல்லியிருக்கிறார், "உங்க தம்பி குடுத்து விட்டாருக்கா" என்று.

மறுநாள் காலையில் அக்கா என்னை வீடியோவில் கூப்பிட்டாள். அரக்குப் புடவையைக் கட்டியிருந்தாள். தோளில் நிற்கவில்லை; ஊக்கு குத்தியிருந்தாள். தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, அவள் பிறந்தநாளும் இல்லை. எதற்கு அனுப்பினாய் என்று அவள் கேட்கவே இல்லை.

"கலர் நல்லா இருக்குடா. கட்டிக்கிட்டேன் பாரு."

போனைத் திருப்பி என் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"அழுவாத. எனக்கு எப்பவோ தெரியும். நீங்க எல்லாரும் பாவம், மறைச்சு மறைச்சுப் பேசுறீங்களேன்னு நானும் விட்டுட்டேன். ஆனா இது பழசாயிடுச்சு. கட்டினதைக் கோடியாப் போட முடியாது. இனி புதுசு எடுத்துக்கிட்டு நீயேதான் வரணும். யார்கிட்டயும் குடுத்து விடக் கூடாது, என்ன?"

"சரிக்கா" என்றேன். அப்போதே போயிருக்க வேண்டும். அவள் கேட்டது புடவையை அல்ல என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. ஆனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற வெட்கத்தில் இன்னும் மூன்று வாரத்தைக் கடத்தினேன். மறுபடி அதே கடைக்குப் போய் அதே நிறத்தில் ஒன்று எடுத்தேன். வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டேன். திங்களன்று அத்தான், "நல்லாத்தான் இருக்கா மாப்ள, வெள்ளிக்கிழமை வந்தாப் போதும்" என்றார். முந்தைய நாளிலிருந்தே அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தூரத்தில் இருப்பவன் பதறுவான் என்று மறைத்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் ஆறு மாதமாக அக்காவிடம் நான் பேசியதும் இதே பேச்சுதான். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

புதன்கிழமை விடியலில் அக்கா போய்விட்டாள். அன்றைய விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. நான் வேலையிடத்தில் ஒரு தூணோரம் நின்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா மகன் உள்ளூர்க் கடையில் எடுத்த ஒரு நீலப் புடவையைப் பிரித்து, என் பெயரைச் சொல்லிப் போர்த்தினான். என் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வரும்போது எழுப்பும் சத்தம் அங்கே சாவு வீட்டில் கேட்டிருக்கிறது. "அந்தச் சத்தத்தை நிறுத்துங்க மாமா" என்று அக்கா மகள் அழுதாள். என் பக்க ஒலியை அடைத்தேன். அதன் பிறகு நான் அழுததும் அங்கே யாருக்கும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை புடவையோடு போய் இறங்கினேன். அத்தானின் அத்தை அதைப் பார்த்ததும், "கோடின்னு எடுத்தது, போடாம வீட்ல வைக்கக் கூடாது. எடுத்துட்டுப் போயிடுப்பா" என்றார். காரியம் முடியும் வரை பெட்டியை விட்டு அதை வெளியில் எடுக்கவில்லை.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தினமும் வேலை முடிந்து வந்ததும், என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள கல் மேசையில் உட்கார்ந்து அத்தானைக் கூப்பிடுவேன். அங்கே அவர் ராத்திரிச் சமையலுக்கு உலை வைக்கும் நேரம். போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு வெங்காயம் நறுக்குவார். பேசுவதற்கு எங்களுக்கு அதிகம் இல்லை. நடுவில் திரும்பிப் பார்க்காமலே, "இருக்கியா மாப்ள?" என்பார். "இருக்கேன் அத்தான்" என்பேன். குக்கர் விசில் வந்து அடுப்பை அணைக்கும் வரை இருப்பேன். ஒருநாள் மட்டும் கேட்டார், "அந்தப் பார்சல் வந்தன்னிக்கு நான் வீட்ல இருந்திருந்தா, அவ இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளோ?" இல்லை என்றேன். எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி என்னிடமும் இருக்கிறது.

போன வாரம் புதுக்கோட்டைக்காரர் மறுபடி லீவில் கிளம்பினார். பெட்டியைக் கட்டிவிட்டு வழக்கம்போல என்னிடம் வந்தார். அந்தப் பொட்டலத்தால் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

"ஊருக்கு ஏதாச்சும் குடுத்து விடணுமாண்ணே?"

"ஒண்ணும் இல்லப்பா" என்றேன். வீட்டுக்கு வந்து அந்தப் புடவையை எடுத்து, கட்டிலில் விரித்து, மடிப்பை மாற்றி மடித்து மேல்தட்டில் வைத்தேன்.