பெரியப்பா கேட்ட விசாரணை

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது 1937 அக்டோபரில். இது நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. கொல்லிமலைக்கு அந்தச் சட்டம் எப்போது ஏறி வந்தது என்று நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. வளப்பூர் நாட்டில் எங்கள் ஊருக்கு அது மறு வருஷம்தான் வந்தது என்பது என் கணக்கு. தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான், சாமை கதிர் வாங்கியிருந்தது. ஆகவே 1938-இல், புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்த சமயமாக இருக்கவேண்டும். எனக்கு ஏழு வயது.

கீழே சாராயக்கடைகளை மூடியதும் அடிவாரத்து ஆட்கள் சிலர் எங்கள் ஓடைப் பள்ளங்களுக்கு அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. பள்ளத்தில் புகை தெரிந்தால் அந்தப் பக்கம் ஆடு ஓட்டக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். புலி நடமாட்டத்தைப் பற்றிச் சத்தமாகவே பேசுகிற எங்கள் வீட்டுப் பெண்கள், அந்த ஆட்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஒருநாள் காலையில் பெரியப்பா எங்கள் காட்டுக்குப் போனார். காடு என்று நாங்கள் சொல்வது சாமை விதைக்கிற மேட்டு நிலத்தை. அதன் கீழ்க் கரையில் ஒரு மனிதர் பின்மண்டை பிளந்து கிடந்தார். அடிவாரத்து ஸ்டேஷன் போலீஸ்காரர். முன்பு ஒருமுறை சிவப்புத் தலைப்பாகையோடு ஊருக்குள் வந்து எல்லார் வீட்டுப் பானைகளையும் மோந்து பார்த்துவிட்டுப் போனவர். இப்போது தலைப்பாகையும் இல்லை, உடுப்பும் இல்லை, வெறும் வேட்டிதான். மூச்சு இருந்தது. நாலு பேர் சேர்ந்து எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்து கட்டிலில் போட்டார்கள். பெரியம்மா காயத்தைக் கழுவி மஞ்சளும் பச்சிலையும் அரைத்து வைத்துக் கட்டினாள். “கோடாலியத் திருப்பிப் புடிச்சு அடிச்சிருக்கறாங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஊர்க்கவுண்டர் கீழே ஆள் அனுப்பினார். மறுநாள் உச்சிக்குள் போலீஸ் வந்துவிடும் என்று தெரிந்ததும் ஊரில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக மரமடர்ந்த சோலைக்குள் போய்விட்டார்கள். அப்பா மிளகு மூட்டையோடு சந்தைக்கு இறங்கியிருந்தார். நாய்கள்கூட எங்கோ போய்விட்டதாக எனக்கு நினைவு. அது பயத்தில் நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். ஊர்க்கவுண்டரும் பெரியப்பாவும் மட்டும் போகவில்லை. பெரியம்மா பெரியப்பாவையும் போகச் சொல்லிக் கெஞ்சினாள். ரத்தம் விழுந்தது தன் காட்டில், தான் எப்படிப் போவது என்று அவர் கேட்டார்.

அதற்குக் காரணம் எங்கள் நாட்டு வழக்கம். ஒருவன் காட்டில் ரத்தம் சிந்தினால், நாட்டு ஊர்களெல்லாம் கூடுகிற நாட்டுக் கூட்டத்தில் முதலில் பேசவேண்டியவன் அந்தக் காட்டுக்காரன். அடித்தவன் யாராக இருந்தாலும் சரி. அவன் துண்டை மண்ணில் விரித்து, விழுந்து கும்பிட்டு, தப்பு எங்களது என்று சொல்லவேண்டும். நான் எதையும் மறைக்கமாட்டேன், விசாரியுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். உடனே பெரியவர்கள் இரண்டு பேர் அவனைத் தோளைத் தொட்டுத் தூக்கி நிறுத்துவார்கள். அதன் பிறகுதான் விசாரணையே தொடங்கும்.

சப் இன்ஸ்பெக்டரும் ஏட்டும் போலீஸ்காரர்கள் சிலரும் வந்தார்கள். நான் உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காயத்தில் ஈ மொய்க்காமல் ஓலையால் விசிறிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. வெளியே நிற்பதற்குப் பயம், அவ்வளவுதான். கதவிடுக்கு வழியாக வாசல் தெரிந்தது. அதிகாரி பெஞ்சு கிடைக்காமல் எங்கள் உரலின் மேல் உட்கார்ந்திருந்தார். யார் காடு என்று கேட்டார்.

பெரியப்பா துண்டை விரித்து விழுந்தார். “எங்க காட்டுல நடந்ததுங்க. தப்பு எங்களதுதானுங்க, எசமான்.”

அதிகாரி ஏட்டைத் திரும்பிப் பார்த்தார். ஏட்டு எழுதிக்கொண்டார். பிறகு அதிகாரி விரலை அசைக்க, போலீஸ்காரர்கள் இருவர் முன்னால் வந்து பெரியப்பாவின் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போலீஸுக்கும் நம் வழக்கம் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். கையைக் கட்டிக்கொண்டு கேள்வியை எதிர்பார்த்து நின்றார். அந்தக் கையைப் பிரித்து விலங்கு மாட்டினார்கள். அவர் விலங்கைப் பார்த்தார், பிறகு ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு அப்பால் விலங்கோடு போன மலைக்காரர் யாரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. விசிறியைக் கீழே போட்டுவிட்டேன்.

அப்போது பெரியம்மா உள்ளே வந்தாள். அழுதுகொண்டு வருவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் தூங்கவில்லை என்பது எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் முன்புதான் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தார். பெரியம்மா அவர் காதருகில் குனிந்தாள்.

“சாமி, உங்க மடியில இருந்த மூங்கக் குழாயும் சில்லறையும் பத்திரமா எடுத்து வெச்சிருக்கறனுங்க. குழாயில இன்னும் பாதி இருக்குது. மோந்தாலே தெரியும். உங்க எசமான்கிட்டக் குடுத்துரட்டுங்களா?”

அவர் கண்ணைத் திறந்தார்.

“பள்ளத்துக்குத் தனியா மாமூல் வாங்க வந்தீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லலீங்க. சொல்ல வெக்காதீங்க.”

அவள் குரலில் கோபமே இல்லை, கஞ்சி வேண்டுமா என்று கேட்கிற குரல்தான். அவருடைய பொருளைப் பத்திரமாகக் காப்பாற்றித் தருகிறாளே, எவ்வளவு நல்லவள் என்று எனக்குத் தோன்றியது. அந்த மனிதர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசற்படிவரை என்மேல் சாய்ந்தபடியே வந்தார்.

“ஐயா, என்னை யாரும் அடிக்கலீங்க. பாறையில வழுக்கி விழுந்துட்டனுங்க” என்றார்.

அதிகாரி எழுந்து வந்து கட்டை விலக்கிக் காயத்தைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார், குனிந்து அதை மோந்து முகத்தைச் சுளித்தார். பிறகு பெரியம்மாவையும் நெடுநேரம் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். அதிகாரி ஏட்டின் பக்கம் திரும்பினார். “எழுதினதை அடிச்சுட்டு, வழுக்கி விழுந்ததுன்னு எழுது” என்றார். விலங்கைக் கழற்றினார்கள்.

கதை அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் பெரியப்பா நகரவில்லை.

“எசமான், விசாரிக்கலீங்களே.”

“என்னடா விசாரிக்கறது?”

“ரத்தம் எங்க காட்டுல விழுந்திருக்குதுங்க. அடிச்சவன் யாருன்னு விசாரிச்சுத் தீத்துட்டுத்தானுங்க போகணும்.”

அதிகாரிக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. “அவன்தான் விழுந்தேன்னு சொல்றானே. பாறைக்கு விலங்கு மாட்டச் சொல்றியா?”

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பெரியம்மா வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அடிபட்டவரை டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவர்கள் இறங்கிவிட்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் ஆண்கள் சோலையிலிருந்து திரும்பினார்கள். நடந்ததைக் கேட்டு அவர்களும் சிரிப்பார்கள் என்று நான் பாறைக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியே கட்டுகிற மாடுகளை அன்று வீட்டுக்குள் கட்டினார்கள். அருவாளும் கோடாலியும் உள்ளே வந்தன. விளக்கு வைப்பதற்கு முன்பே பெரியம்மா கதவைச் சாத்தி உலக்கையை முட்டுக் கொடுத்தாள்.

“அவருதான் வழுக்கி உழுந்துட்டாருன்னு சொல்லிட்டாங்களே பெரியப்பா, இன்னும் எதுக்குப் பயப்படறீங்க?” என்று கேட்டேன்.

“நீ போயிப் படு கண்ணு” என்றார்.

நான் போய்ப் படுத்தேன். யாரும் அடிக்கவில்லை என்று எழுதியாகிவிட்ட பிறகு, அடித்தவன் பள்ளத்தை விட்டு எங்கே போவான் என்று யோசிக்க எனக்கு வயது போதவில்லை.